ஒயின் கோப்பை ஏன் கழுவும்போதே உடைகிறது?

குமுளியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஆறு ஒயின் கோப்பைகள் வந்த வழி நீளமானது. துபாயிலிருந்து விமானத்தில் கொச்சி. அங்கிருந்து கோட்டயம் போய், வளைந்து வளைந்து மலையேறும் பஸ். வண்டிப்பெரியாறு தாண்டியதும் ஒரு வளைவில் மேல் அடுக்கிலிருந்த பெட்டி சரிந்து சீட்டின்மேல் விழவும் செய்தது. வீட்டில் பிரித்துப் பார்த்தால் ஆறும் முழுதாக இருந்தன. கிறிஸ்துமஸ் இரவு ஆறிலும் ஒயின் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒருவரும் கைதவற விடவில்லை. மறுநாள் காலை, கழுவித் துடைக்கும்போது ஒன்று தண்டோடு முறிந்தது.

சித்தியின் மருமகள் கையில் கோப்பையின் கிண்ணம் தனி, தண்டு தனி. "நான் அழுத்திக்கூடப் பிடிக்கவில்லை அத்தை, தானாகவே வந்துவிட்டது" என்று அவர் சொல்ல, "கண்ணாடி தானாக முறியுமா?" என்று சித்தி கேட்க, வீட்டில் ஒரு வாரம் லேசான புகைச்சல். புத்தாண்டுச் சாப்பாட்டுக்குக் கம்பத்திலிருந்து நான் மலையேறிப் போனபோது, உடைந்த துண்டுகளைப் பொட்டலம் பிரித்து என் முன்னால் வைத்தார்கள். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

தீர்ப்பைக் கடைசிவரை ஒளித்துவைக்கப் போவதில்லை: மருமகள் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடி தானாக முறியாது. ஆனால் முறிந்த அந்த நொடியில் அதை வைத்திருந்த கை, பெரும்பாலும் முறிவுக்குக் காரணமான கை அல்ல.

கண்ணாடியைப் பலவீனமான பொருள் என்று நினைக்கிறோம். இது பாதிதான் சரி. சாதாரணக் கண்ணாடியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் மணல், அதாவது சிலிக்கா. மிச்சம் பெரும்பாலும் சோடாவும் சுண்ணாம்பும். சிலிக்கான் அணுவும் ஆக்ஸிஜன் அணுவும் கைகோத்துக்கொள்ளும் பிணைப்பு மிகவும் வலுவானது. அந்தப் பிணைப்பை வைத்துக் கணக்குப் போட்டால், கண்ணாடி இரும்போடு மல்லுக்கு நிற்க வேண்டும். ஆனால் நிற்பதில்லை. ஏன் என்ற கேள்விக்கு விடை தந்தவர் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். உலோகம் ஏன் முறிகிறது என்று தெரிந்துகொள்ள, முதலில் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். கண்ணாடியைச் சூடாக்கி இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தார். இழை மெலிய மெலிய, அதே பருமனுக்குக் கணக்கிட்டால், வலிமை கூடிக்கொண்டே போனது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இழையைவிட, மில்லிமீட்டரில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கே உள்ள புத்தம்புது இழை ஏறத்தாழ 20 மடங்கு தாங்கியது. பொருள் ஒன்றுதான், மெல்லிய இழையில் கீறல் இருக்க இடமில்லை, அவ்வளவே வித்தியாசம். 1921-இல் வெளியான அவருடைய கட்டுரையின் சாரம் இது: கண்ணாடியின் வலிமையைத் தீர்மானிப்பது அதன் மேற்பரப்பிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஃபார்ன்பரோ போக வேண்டாம், ஜவுளிக்கடைக்குப் போனால் போதும். இரண்டு மீட்டர் துணி கேட்டால் கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு விரற்கடை வெட்டுவார். பிறகு இரு கையாலும் பிடித்து 'சர்ர்' என்று கிழித்துவிடுவார். வெட்டாமல் அதே துணியைக் கிழிக்கச் சொல்லிப் பாருங்கள், முடியாது. வெட்டு இல்லாத துணியில் அவர் கையின் விசை எல்லா நூல்களுக்கும் பங்கிடப்படுகிறது. வெட்டு விழுந்த பிறகோ அந்த விசை முழுவதும் வெட்டின் நுனியிலுள்ள ஒரே ஒரு நூலில் வந்து குவிகிறது. அது அறுந்ததும் அடுத்த நூல். கண்ணாடியிலுள்ள கீறலும் அந்தக் கத்தரி வெட்டுத்தான். கீறல் எவ்வளவு ஆழமோ, அதன் நுனி எவ்வளவு கூரோ, அந்த அளவுக்கு விசை அங்கே குவியும்.

எவர்சில்வர் டம்ளரிலும் கீறல் விழத்தானே செய்கிறது என்று கேட்கலாம். விழுகிறது. ஆனால் உலோகம் நசுங்கத் தெரிந்தது. கீறலின் நுனியில் விசை குவிந்தால் அந்த இடம் கொஞ்சம் இளகி, நுனி மழுங்கி, விசை சுற்றுவட்டாரத்துக்குப் பரவிவிடும். கண்ணாடிக்கு நசுங்கத் தெரியாது. நுனி மழுங்காமல் கூராகவே இருந்து, ஒரு கட்டத்தில் ஓடத் தொடங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியில் விரிசல் ஓடும் வேகம் நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். மருமகள் கண்ணுக்கு அது 'தானாக வந்துவிட்டது' என்று தோன்றியதில் என்ன தப்பு?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீறல் நம்மை அமைதியாகக் காத்திருந்து ஏமாற்றும். கண்ணாடிக்கடையில் கண்ணாடி வெட்டும்போது பார்த்திருப்பீர்கள்: கடைக்காரர் சக்கரக் கத்தியால் ஒரு கோடு இழுப்பார், அது கண்ணாடியை ஊடுருவவே செய்யாது, மேலோட்டமான ஒரு கோடு. பிறகு மேசை விளிம்பில் வைத்து லேசாக அமுக்கினால் கோட்டோடு கண்ணாடி பிரிந்து வரும். கோடு இழுத்தது ஒரு வேலை, பிரித்தது இன்னொரு வேலை. வீட்டிலும் அப்படித்தான், கோடு இழுத்தவர் ஒருவர், பழி சுமப்பவர் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். அந்த இடைவெளியில் காற்றிலுள்ள ஈரமும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. கண்ணாடி இழுபட்டுக்கொண்டிருக்கும்போது, நீர் மூலக்கூறுகள் கீறலின் நுனிவரை நுழைந்து அந்தச் சிலிக்கான்–ஆக்ஸிஜன் பிணைப்பை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடும். வறண்ட காற்றில் நகராமல் கிடக்கும் விரிசல், ஈரத்தில் மெதுவாக ஊர்ந்து வளரும். ஆண்டில் பாதி நாள் மழையும் மஞ்சும் மூடிய குமுளியில் இதற்குக் குறைச்சல் இல்லை.

எல்லை ஊரில் இருப்பதால் ஒரு வேடிக்கையும் கண்ணில் படுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் 'சில்லு' என்றால் கண்ணாடியேதான், முழுக் கண்ணாடி. இந்தப் பக்கம் நமக்கோ உடைந்து தெறித்த பிறகுதான் அது சில்லு. நம்மவர்கள் கோப்பையைக் கண்ணாடி என்று நம்பி வாங்குகிறோம். மலையாளிகள் முதல்நாளே எதற்கும் தயாராக இருக்கிறார்கள் போலிருக்கிறது.

சரி, துண்டுகளுக்கு வருவோம். உடைந்த கண்ணாடியைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அது சாட்சி சொல்லும்.

முதலில் முறிவின் வடிவம். ஒரு சாக்பீஸை எடுத்து இரு முனைகளையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். அது குறுக்கே நேராக உடையாது. திருகாணியின் புரி போல் சுமார் 45 டிகிரி சாய்வில் சுற்றிக்கொண்டு உடையும். இன்னொரு சாக்பீஸை வளைத்து உடையுங்கள். அது ஏறத்தாழ நேராக முறியும். நான் ஆண்டுதோறும் பதினொன்றாம் வகுப்பில் இதைச் செய்துகாட்டுகிறேன், சாக்பீஸ் வீணாகிறது என்ற புகாரையும் ஆண்டுதோறும் வாங்குகிறேன். சாக்பீஸும் கண்ணாடியும் இந்த விஷயத்தில் ஒரே சாதி: இழுத்தால் தாங்காது, அமுக்கினால் தாங்கும். முறுக்கும்போது மிகுந்த இழுவிசை சாய்வாகத்தான் விழும், முறிவும் அதற்குக் குறுக்கே போகும். சித்தி கொடுத்த துண்டில் தண்டின் முனை பேனா நிப்பு போல் சாய்ந்து சுற்றியிருந்தது. வளைத்ததோ தட்டியதோ அல்ல, முறுக்கியது.

அடுத்து முறிவின் முகம். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். விரிசல் தொடங்கும் இடத்தைச் சுற்றி அரைவட்டமாக ஒரு பகுதி கண்ணாடி போலவே வழவழவென்று இருக்கும். விரிசல் வேகம் எடுத்ததும் முகம் மங்கலாகும்; அதற்கும் அப்பால் விசிறி மடிப்பு போல் கோடுகள் பிரியும். அந்தக் கோடுகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் தொடங்கிய இடம் அகப்பட்டுவிடும். இதில் அழகான ஒரு விதி உண்டு: வழவழப்பான பகுதி சின்னதாக இருந்தால் பெரிய விசையில் உடைந்தது, பெரிதாக இருந்தால் சிறிய விசையில் உடைந்தது. சித்தி வீட்டுத் தண்டின் முகத்தில் மங்கலோ விசிறிக் கோடுகளோ இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை வழவழப்பாகவே இருந்தது. அழுத்திக்கூடப் பிடிக்கவில்லை என்று சொன்னாரே, அதற்கு எழுத்து ஆதாரமே அங்கே இருந்தது.

பிடிக்கும் முறையில் மட்டும் ஒரு பிசகு. நாம் எல்லோரும் செய்வதுதான் அது. இடது கையால் அடித்தட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் துணியைக் கிண்ணத்துக்குள் விட்டுச் சுழற்றித் துடைக்கிறோம். கீழே ஒரு கை, மேலே ஒரு கை, நடுவில் பென்சிலைவிட மெல்லிய தண்டு. துணி ஈரமாகி கிண்ணத்தின் உட்புறத்தில் ஒட்டிப் பிடித்தால் முறுக்குவிசை முழுவதும் தண்டுக்குத்தான் போகும். இங்கே கணக்கு இரக்கமில்லாதது. முறுக்கைத் தாங்கும் திறன் தண்டின் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 8 மில்லிமீட்டர் தண்டு தாங்குவதில் எட்டில் ஒரு பங்கைத்தான் 4 மில்லிமீட்டர் தண்டு தாங்கும். பாதியாகத்தானே மெலிந்தது என்று ஏமாந்துவிடக் கூடாது. உயர்ந்த கோப்பை என்றாலே தண்டு மெலிந்தது என்று அர்த்தமாகிவிட்டதால், விலை கூடக்கூட இந்தப் பிடி ஆபத்தாகிக்கொண்டே போகிறது.

மாற்று வழி எளிது. கிண்ணத்தைத் துடைக்கும்போது கிண்ணத்தையே உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள்; அடித்தட்டைத் துடைக்கும்போது அடித்தட்டைப் பிடியுங்கள். இரண்டு கையும் தண்டின் ஒரே பக்கத்தில் இருந்தால் தண்டுக்குச் சங்கதியே தெரியாது. உண்மையில் என் சிபாரிசு துடைக்கவே வேண்டாம் என்பதுதான். நல்ல தண்ணீரில் கடைசியாக அலசி, மடித்த பருத்தித் துண்டின்மேல் கவிழ்த்துவிட்டுப் போய்விடலாம். கம்பம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் உப்புத் திட்டு படியும். அதற்குக் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் போதும், தேய்க்கத் தேவையில்லை.

இப்படி நான் சாக்பீஸும் கையுமாக விளக்கிக்கொண்டிருந்த அதே காலையில்தான் இரண்டாவது கோப்பையும் போனது. இம்முறை சித்தியின் கையில். எனக்கு அதில் கொஞ்சம் திருப்தி என்பதை மறைக்க விரும்பவில்லை.

குமுளியில் ஜனவரிக் காலை குளிரும். அலமாரியில் கோப்பை ஜில்லென்று இருந்தது. கேக்கின் வெண்ணெய்ப் பிசுக்குப் போகவேண்டும் என்று சித்தி அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரைத் தொட்டியில் ஊற்றி, கோப்பையை அப்படியே இறக்கினார். மெல்லிய 'டிக்' என்று ஒரு சத்தம். கிண்ணத்தின் அடியில், தண்டு சேரும் இடத்திலிருந்து ஒரு வளைந்த கோடு.

இங்கே நடந்தது வேறு கதை. சாதாரணக் கண்ணாடி ஒரு டிகிரி சூட்டுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 9 பங்கு விரியும். 10 செ.மீ. நீளம், 60 டிகிரி வித்தியாசம் என்றால், விரிவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இது ஒரு விரிவா என்று தோன்றும். ஆனால் புழங்கிக் கீறல் விழுந்த கண்ணாடியை இழுத்தால், அதே 10 செ.மீ.க்கு அது உடையாமல் நீளக்கூடிய அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு பகுதி விரிய விரும்புகிறது, பக்கத்துப் பகுதி இன்னும் குளிரில் இருக்கிறது. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை, எங்கே போகும்? எனவே தடிமன் மாறும் இடத்தில்தான் சிக்கல். மெல்லிய கிண்ணம் சட்டென்று சூடேறிவிடும். தண்டு சேரும் கட்டியான இடம் பின்தங்கும். முழுவதும் ஒரே மெல்லிசான கோப்பை, தடித்த கோப்பையைவிடச் சூட்டை நன்றாகவே தாங்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். தடித்த கிளாஸில் உள்சுவரிலிருந்து வெளிச்சுவருக்குச் சூடு எட்ட நேரம் எடுக்கும், அதனால்தான் அடி கனத்த கிளாஸ்கள் வெந்நீர் ஊற்றியதும் வட்டமாக அடி கழன்று போகின்றன. டீக்கடை மாஸ்டர் டீ ஊற்றுமுன் கிளாஸை வெந்நீரில் ஒரு சுழற்றுச் சுழற்றுகிறாரே, சுத்தத்துக்கு மட்டுமல்ல அது. கேரளத்து ஓட்டல்களில் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட சிவந்த வெந்நீரைக் கண்ணாடி டம்ளரிலேயே ஊற்றிக் கொடுத்தும் உடையாமல் இருப்பதற்கு, அந்த டம்ளர்கள் நாள் முழுக்கச் சூட்டிலேயே புழங்குவதும் ஒரு காரணம்.

குளிர்ந்த கண்ணாடியில் வெந்நீர் படுவதைவிட, சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் படுவது மோசம். திடீரென்று குளிரும் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் சூடான பகுதி விடாது, மேற்பரப்பு இழுபடும். கீறல்கள் எல்லாம் மேற்பரப்பில்தானே குடியிருக்கின்றன. பள்ளி ஆய்வகத்துப் பீக்கர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் அதில் போரான் கலந்திருப்பது. ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய அந்தக் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவே விரியும்.

அப்படியானால் கீறலைப் போடுவது யார்? இந்தக் கேள்வியில்தான் நம் சமையலறைகள் மாட்டிக்கொள்கின்றன. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி சுமார் 5½. தங்கம் 3-ஐத் தாண்டாது. எனவே தங்க மோதிரம் கண்ணாடியைக் கீறாது. மோதிரத்தில் பதித்த கல் கீறும்: அமெரிக்க வைரம் என்று விற்கப்படும் கல்லே 8-க்கு மேல். மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. ஒரே ஒரு மணல்துகள் துடைக்கும் துணியில் ஒட்டியிருந்தால் போதும். பிறகு, இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்படியில் பளபளக்கும் கிரானைட் மேடை. கிரானைட்டுக்குள் இருப்பதில் பெரும்பங்கு குவார்ட்ஸும் அதை ஒட்டிய கடினக் கற்களும்தான். கழுவிய கோப்பையை அதன்மேல் கவிழ்த்து வைத்து ஓர் அங்குலம் நகர்த்தினால், கோப்பையிலேயே மெல்லிய இடமான விளிம்பில் கோடு விழுந்துவிடும். பச்சை நிறத் தேய்ப்பு நார் இன்னும் மோசம். கீறுவதற்கென்றே அதில் கடினத் தூள் ஒட்டியிருக்கிறது. செங்கல்பொடி போட்டுப் பாத்திரம் துலக்கிய நம் பாட்டிமார் கண்ணாடிச் சாமானை அண்டவிடாததில் நியாயம் இருக்கிறது.

பஸ்ஸில் சரிந்து விழுந்தும் ஆறு கோப்பைகளும் பிழைத்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. அட்டைத் தடுப்புகளுக்குள் அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்த பொருள் எதுவும் கண்ணாடியைவிடக் கடினமானது இல்லை, அதோடு அவை அதுவரை புழங்காதவை. கிறிஸ்துமஸ் இரவு ஒன்றில் மட்டும் ஏழெட்டுத் தடவை மேசை, தொட்டி, மேடை, குழாய் முனை என்று எத்தனை இடத்தில் பட்டிருக்கும்!

வாங்கும்போது என்ன பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: ஈயம் கலந்த கிரிஸ்டல் பளபளக்கும், லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-இல் காப்புரிமை பெற்ற சரக்கு அது. ஆனால் அது சாதாரணக் கண்ணாடியைவிட மென்மை, எளிதில் கீறும். மதுவை அதில் நாள்கணக்கில் ஊற்றி வைத்தால் ஈயம் கரைந்து இறங்கும். அலமாரி அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். கடினப்படுத்திய கண்ணாடி இன்னொரு வகை. சூடாக இருக்கும்போது வெளிப்புறத்தைச் சட்டென்று காற்றால் குளிர்வித்தால், மேற்பரப்பு நிரந்தரமாக அமுக்கத்தில் மாட்டிக்கொள்ளும். கீறல் விழுந்தாலும் அதன் வாய் மூடியே கிடக்கும். ஆனால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் வர ஓரளவு தடிமன் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விளிம்புக்கு இந்த வித்தை பலிக்காது. மெல்லிசுக்கு வேதிவழி உண்டு: கண்ணாடியைப் பொட்டாசியம் உப்புக் குழம்பில் ஊறவைத்தால், மேற்பரப்பிலுள்ள சோடியம் வெளியேறி, உருவில் பெரிய பொட்டாசியம் அந்த இருக்கையில் நெருக்கியடித்து உட்காரும். இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் ஏறிய மாதிரி மேற்பரப்பு இறுகிவிடும். கிழக்கு ஜெர்மனியில் 1980 முதல் 1990 வரை சூப்பர்ஃபெஸ்ட் என்ற பெயரில் இப்படிச் செய்த டம்ளர்கள் கோடிக்கணக்கில் விற்றன. நம் கைபேசித் திரைக் கண்ணாடியும் இதே வழியில் இறுகியதுதான். ஒயின் கோப்பையில் தண்டை மட்டும் தனியாக உறுதிப்படுத்தித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். விருந்தாளிகள் அடிக்கடி வரும் வீடு என்றால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கும் வீட்டுக்கு அது வேண்டாத செலவு; சாதாரணப் பாத்திரக்கடைக் கோப்பையே போதும்.

உடைந்த சில்லுகளைப் பொறுக்குவதில் சித்தி கெட்டிக்காரர். பெரிய துண்டுகளைக் கையுறை போட்டு எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாததைப் பிசைந்த மாவு உருண்டையால் ஒற்றி எடுத்தார். குப்பை சேகரிக்க வீடுவீடாக வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் கை கிழித்துக்கொள்ளக் கூடாதென்று, எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளில் பலமாகச் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே மலையாளத்தில் 'சில்லு' என்று எழுதி ஒட்டினார். இம்முறை இரண்டு மொழியிலும் அது சரியாக இருந்தது.

மிச்சம் நான்கு. ஒவ்வொன்றின் விளிம்பையும் விரல்நகத்தால் மெதுவாகச் சுற்றித் தடவிப் பார்த்தோம். மூன்றில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. நான்காவதில் ஓரிடத்தில் தட்டியது. அதை மருமகள் தனியாக எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டார். இப்போது அதில் ரப்பர் பேண்டும் சேஃப்டி பின்னும் கிடக்கின்றன.